பெரிய லென்ஸா, சின்ன லென்ஸா?

ஷைனியின் அப்பா கிறிஸ்துதாஸிடம் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டுமே உதவாது என்று தெரிந்ததும், தன் போட்டோ ஸ்டூடியோவையே மூடிவிடலாமா என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் காதுகுத்தா, கல்யாணமா, ரிட்டயர்மென்ட் விழாவா, எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதெல்லாம் அவர் கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னால். ஆறு மாதமாக நடுங்குகிறது. “மாத்திரையில குறையும். ஆனா முழுசாப் போகாது,” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலுமணி மாமா வீட்டுக் கல்யாணப் படங்கள் அத்தனையும் ஆடிப்போய் வந்தன. தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளைக்கு நாலு கண். மாமா சண்டை போடவில்லை. ஆல்பத்தை மெதுவாக மூடினார். “இன்னொரு தடவை கல்யாணம் பண்ண முடியுமா, கிறிஸ்துதாஸ்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஷைனிக்கு இருந்தது.

அதோடு ஸ்டூடியோவுக்கு ஆள் வருவது நின்றுபோனது. கடைசியாக வந்தது சர்ச்சில் நடக்கும் இந்தப் புதுநன்மை விழா ஒன்றுதான். பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லித்தரும் டெய்சி அக்கா பாவம் பார்த்து வாங்கிக் கொடுத்த வேலை.

முப்பத்திரண்டு பிள்ளைகள் முதல் தடவையாக நன்மை வாங்குகிறார்கள். பாதர் அப்பத்தை நாக்கில் வைக்கும் அந்த ஒரு நொடியைப் படம் பிடிக்க வேண்டும். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. நடுவழியில் கேமரா ஸ்டாண்டும் வைக்கக் கூடாது. போன வருஷம் ஒரு பையன் ஸ்டாண்டில் தடுக்கி விழுந்து, முன்பல் இல்லாமல் நன்மை வாங்கினான்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா இரண்டு லென்ஸையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சின்னதை எடுத்துக்கினு போங்க,” என்றார் அம்மா சகாயமேரி. “கிட்டயும் எடுக்கலாம், தூரமும் எடுக்கலாம், இது ஒன்னே போதும்னு நீங்கதான வாங்குனீங்க? வெயிட்டும் இல்ல.”

“வெயில்ல அது போதும். சர்ச்சுக்குள்ள இருட்டு. இருட்டுல அது மெதுவாத்தான் படம் புடிக்கும். அதுவரைக்கும் கை ஆடக் கூடாது.”

“அப்ப பெரிசு?”

“அது கொஞ்ச வெளிச்சத்துலயே பட்டுனு புடிச்சுடும். ஆனா ஒன்றரைக் கிலோ. தூக்குனா கை இன்னும் ஆடுது.” அப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “சின்னதுக்கு ஆடாத கை வேணும். பெரிசுக்கு வலுவான கை வேணும். எனக்கு ரெண்டும் இல்ல. டெய்சிகிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன். கடையும் இந்த மாசத்தோட போதும்.”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை. அம்மா அழுகிறார் என்று ஷைனிக்குத் தெரிந்தது. பதினொரு வயதுப் பெண் இதில் என்ன செய்ய முடியும்?

அப்பா காபி டம்ளரை எடுத்தார். காபி தளும்பி மேசையில் சிந்தியது. அவர் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். நடுக்கம் நின்றது.

ஷைனி அதையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, அப்பாவுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

“பெரிசை என் தோள்ல வைங்கப்பா.”

“எதுக்கு?”

“வெச்சுத்தான் பாருங்களேன்.”

அப்பா பெரிய லென்ஸைக் கேமராவில் மாட்டி, அவள் வலது தோளில் வைத்தார். சுவரில் இருந்த காலண்டரைக் குறிபார்த்தார். தேதி அசையாமல் நின்றது. ஆனால் உடனே கேமராவை இறக்கிவிட்டார்.

“வேணாம்மா. பெத்த பிள்ளை தோள்ல வெச்சு எடுக்கிறான்னு ஊரே சிரிக்கும்.”

“இப்ப அழுதுகினுதான இருக்கோம். சிரிச்சா சிரிக்கட்டும்பா.”

“பாதர் திட்டுவாரும்மா.”

“ஸ்டாண்டுதான வைக்கக் கூடாதுன்னாரு? என்னை வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

அப்பா மறுபடியும் கேமராவை அவள் தோளில் வைத்துக் காலண்டரைக் குறிபார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சடையில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஷைனி சர்ச்சில் முன்னால் நிற்க, அப்பா பின்னால் முட்டி போட்டு அவள் தோளில் கேமராவை வைத்தார். சிரிக்கத்தான் செய்தார்கள். ஷைனியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாவது வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் அவள் நகரவில்லை. அப்பா “ம்” என்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். காதருகே ‘கிளிக்’ என்று கேட்டதும் விடுவாள்.

பத்தாவது பிள்ளைக்கே தோள் வலிக்க ஆரம்பித்தது. பத்தொன்பதாவது பிள்ளை வந்தபோது சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தலையைச் சாய்த்து மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தும்மல் எப்படியோ உள்ளேயே போய்விட்டது. முப்பத்திரண்டு முடிந்தபோது அவளால் கையைத் தூக்கவே முடியவில்லை.

அத்தனை பாடுபட்டும், படம் எப்படி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஃபிலிம் ரோலைக் கழுவி, பிரிண்ட் போட்டு, பண்ருட்டியிலிருந்து வரப் புதன்கிழமை ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கடைச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்றுகூட அம்மாவிடம் பேசிவிட்டார்.

படங்களோடு கவர் ஸ்டூடியோவுக்கு வந்ததும் அவர் அதைத் தொடவில்லை. “நீயே பிரிச்சுப் பாரும்மா,” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷைனி பிரித்தாள். முதல் படம். இரண்டாவது. பத்தாவது. பாதரின் விரல் நகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

“அப்பா, ஒன்னுகூட ஆடலப்பா.”

அப்பா திரும்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “சாம்பிராணிப் புகை,” என்றார். ஸ்டூடியோவில் சாம்பிராணி ஏது?

சாயங்காலம் டெய்சி அக்கா வந்து படங்களைப் புரட்டினார். பத்தொன்பதாவதில் நின்றார்.

“எல்லாம் பளிச்சுனு இருக்கு. இதுல மட்டும் ஓரத்துல என்னமோ செவப்பாத் தெரியுதே, என்னண்ணே இது?”

“என் ஸ்டாண்டோட ரிப்பன்,” என்றார் அப்பா. அன்றுதான் ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து ஷைனி பார்த்தாள்.

டெய்சி அக்காவும் சிரித்துவிட்டார். “எங்க தம்பிக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருக்கோம். தேதி வெச்சதும் சொல்றேன். அந்த ஸ்டாண்டையும் கூட்டிக்கினு வந்துடுங்க.”

“ஸ்கூல் லீவு நாளாப் பார்த்து வைங்கக்கா,” என்றாள் ஷைனி.