இல்லாத சத்தம்

தூறல் ஆரம்பித்த நேரத்தில், ஓடி வந்து கையை விரித்தபடி அந்தக் காரை மறித்தான் அவன்.

கர்ர்ரென்று உரசிக்கொண்டு நின்றது கார். கண்ணாடி இறங்கியது. உள்ளே பெரிய, கோபமான இரண்டு கண்கள்... சொல்ல வந்ததில் பாதி அவனுக்கு மறந்தே போனது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"காது கேக்குதுங்க. நான் இந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக். உங்க பிரேக் போன வாரம் கீச்சுன்னு கத்துச்சு. இப்ப இரும்போட இரும்பு உரசுது. பெடல்கூட கீழ இறங்கியிருக்குமே?"

இறங்கித்தான் இருந்தது. கார் ஒரு பக்கமாக இழுப்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் தலைக்கு மேல் 'டிரைவிங் ஸ்கூல்' பலகை! ஆறு வருடமாக ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சருக்கு நடுத்தெருவில் பாடமா?

"மழைக்கு அப்படித்தான் கத்தும். எனக்குத் தெரியும்." ரேடியோவை உரக்க வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ரேடியோவக் கூட்டினா பிரேக் சரியாயிடாதுங்க!"

மறுநாள் ஸ்டியரிங்கில் ஒரு நர்ஸ், ஓட்டப் பழகி நான்காவது நாள். முன்னால் போன சைக்கிள் திடீரென்று நின்றது. நர்ஸ் பிரேக்கை மிதித்தாள். டீச்சரும் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். பெடல் தரைவரை போனது... சைக்கிளுக்கு ஒரு சாண் தள்ளி, எப்படியோ கார் நின்றது.

"என் தப்பா டீச்சர்?" நர்ஸ் அழுதுவிட்டாள்.

"இல்லம்மா... என் தப்பு."

காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, நனைந்தபடி ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்." கார் சாவியை மேசைமேல் வைத்தாள் அவள்.

குத்திக்காட்டுவான் என்று நினைத்தாள். அவனோ துவைத்த துண்டு ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினான்.

"ஓட்டிட்டு வராம நடந்து வந்தீங்க பாருங்க... டீச்சர்னா டீச்சர்தான்."

அந்தத் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

புது பிரேக் போட்டுப் பத்து நாள் ஆனது. பதினொன்றாம் நாள் காலை டீச்சர் மறுபடி வந்து நின்றாள்.

"திரும்பவும் சத்தம் வருது."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே ஓட்டிப் பார்த்தான். மெதுவாக மிதித்தான். பட்டென்று மிதித்தான். வைப்பர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"சத்தமே இல்லையே, டீச்சர்?"

"இல்லதான்..." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு இருந்த சத்தத்த இல்லன்னேன். இன்னிக்கு இல்லாத சத்தத்த இருக்குங்கறேன். ஏன்னு புரியலையா? உங்களப் பிடிச்சிருக்கு... போதுமா?"

அவன் காரை ஓரமாக நிறுத்தினான்.

"நான் பத்து நாளாக் காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கேங்க. ஏன்டா சரி பண்ணோம்னு ஆயிடுச்சு... நீங்க தாண்டிப் போறதே தெரியல. இனிமே ஹார்ன் அடிச்சுட்டாவது போங்க."

அந்தப் பெரிய கண்கள் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பின.

"போகணுமா?" என்றாள்.