திரும்பாதவன்

வீடியோ கேம் கன்ட்ரோலரில் ஈரம் இருந்தது. கணவன் தேநீர் போட எழுந்துபோன இடைவெளியில் அதை நாற்காலியிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கப் போனவள், கைப்பிடியின் கறுப்பு ரப்பரிலிருந்து, வியர்வையைவிடத் தடித்த ஏதோ ஒன்று, ஆறிய பாலின் ஏட்டைப்போல் விரல்களோடு இழுபட்டு, நூலாக நீண்டு அறுவதைக் கண்டாள். முகர்ந்து பார்த்தாள். திரிந்த பாலும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. கையைத் துணியில் துடைத்த பிறகுதான், அந்த வாடை தனக்குப் பழக்கமானது என்பது உறைத்தது. அதை அவள் இதுவரை முகர்ந்ததில்லை, வாசித்திருந்தாள்.

‘நரம்புநகர்’ என்னும் விளையாட்டுத் தொடரையும் அதையொட்டி வெளியான நாவல்களையும் இணைத்து வாசிப்பதே அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. மனிதர்கள் தம் பிடரியில் துளையிட்டு, இயந்திரங்களின் கம்பிகளை அதில் செருகிக்கொள்ளும் ஓயாத மழையின் நகரம் அது. அதன் நாயகன் ஒரு தூதன். விளையாட்டு அவனை முதுகுப்புறமிருந்து மட்டுமே காட்டியது. நாவல்களிலோ அவன் ஒருமுறைகூடக் கண்ணாடி பார்க்கவில்லை. ஆக, எதிலும் அவனுக்கு முகமில்லை. விளையாட்டுக்கு வாடை கிடையாது. நாவலுக்கு உருவம் கிடையாது. இரண்டுக்கும் நடுவே விடுபட்டுக் கிடக்கும் அந்த உடலை யார் தருகிறார்கள் என்று நெறியாளர் கேட்டிருந்தார். ‘விளையாடுபவரே தருகிறார்’ என்று அவள் எழுதினாள்.

அதை நிறுவத்தான் இந்த ஏற்பாடு. அவளுக்கு விளையாட வராது என்பதால், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவன் விடுப்பெடுத்து அவளுக்காக விளையாடினான். ஒலியை அணைத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் கட்டிலில் அமர்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் உரிய நாவல் பகுதியை அவள் உரக்க வாசித்தாள். திரையில் ஒரு பிடரி. திரைக்கு முன்னால் இன்னொரு பிடரி.

“டாக்டரம்மா, உங்க ஆளு இன்னைக்காவது திரும்புவானா?” என்றபடி அவன் கோப்பைகளோடு வந்தான்.

“திரும்பிட்டா என் ஆராய்ச்சியே போச்சு. ஏங்க, கன்ட்ரோலர்ல என்னத்தக் கொட்டினீங்க?”

“நான் ஒண்ணும் கொட்டல. எதுக்கெடுத்தாலும் என் தலையிலயே கட்டு.”

சிரித்தபோது அவன் கண்ணாடி மூக்கில் சரிந்தது. உடைந்த இடப்பக்கக் கம்பியைச் செம்புக் கம்பியால் சுற்றி வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுபவனின் கண்ணாடி அந்த லட்சணத்தில் இருந்தது. நாற்காலியில் அமர்ந்ததும் பிடரியைச் சொறிந்தான். கொஞ்ச நாளாகவே சொறிந்துகொண்டிருக்கிறான். முடியோரத்தில் சிவந்த தடிப்பு, அதன் நடுவே சீழ் கட்டாத, ஆனால் உலரவும் உலராத ஒரு புள்ளி.

“யாராவது டாக்டர்கிட்டக் காட்டலாம்ல?”

“அதான் வீட்டுலயே ஒருத்தங்க இருக்காங்களே.”

அவள் புத்தகத்தை மூடியிருக்கலாம். வாடை இப்போது திரைச்சீலைகளிலும் தலையணையிலும் தேநீரின் ஆவியிலும்கூட இருந்தது. அவளுக்கு அச்சம் இல்லாமலில்லை. ஆனால் அஞ்சிய அதே கணத்தில் அது அவளுக்குச் சான்றாகவும் தோன்றியது. சொல், வாடையாகிறது. இறுதி இயலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்னும் ஒரே ஒரு காட்சி.

அது உடல் பழுதுபார்ப்பவனின் அறை. தூதன் சாய்நாற்காலியில் கவிழ்ந்து படுக்கிறான், திரை இருண்டுவிடுகிறது. அந்த இருட்டில் நடப்பதை விளையாட்டு காட்டுவதில்லை, நாவல் மட்டுமே சொல்கிறது. அவள் வாசித்தாள்.

“தோல் எதிர்க்கவில்லை. நனைந்த காகிதம்போல் விலகியது. உள்ளே வெளுத்த ஈறுகள் இருந்தன.”

சளப்பென்று ஒரு சத்தம்.

ஒலிபெருக்கியிலிருந்து என்று எண்ணினாள். பிறகு, ஒலி அணைந்திருப்பது நினைவுக்கு வந்தது.

மீண்டும் அதே சத்தம். ஏதோ ஒன்று மெல்வதுபோல், பல்லில்லாமல்.

வாசிப்பதை நிறுத்தினாள்.

“ஈறுகள் மெல்லத் திறந்தன,” என்றது கணவனின் குரல். “அவை பசித்திருந்தன.”

அதுதான் அடுத்த வரி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தூங்கிவிடுபவன் அவன். அந்த நாவலைத் தொட்டதுகூட இல்லை.

“ஏங்க.”

தடிப்பு பிளந்திருந்தது. அதன் ஓரங்கள் உதடுகள்போல் வீங்கி, வெளுத்து, ஒன்றையொன்று நக்கிக்கொண்டன. பால்நிறத்தில் ஏதோ கசிந்து, சட்டைக் காலருக்குள் இறங்கியது.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவனுடைய முகம். அது இருந்தால் போதும்.

சுவரோடு ஒட்டியபடி நாற்காலிக்கு முன்னால் போனாள்.

முடி. சிவந்த தோல். பிடரி.

இடப்பக்கம் நகர்ந்தாள். பிடரி. வலப்பக்கம். பிடரி. எப்பக்கம் போனாலும் அந்த ஈர வாய் அவளைப் பார்த்தே இருந்தது. தோள்கள் அசையவில்லை. கன்ட்ரோலரில் விரல்கள் மட்டும் சுறுசுறுப்பாக இயங்கின.

அப்போது அறையில் வெளிச்சம் பரவியது. திரை விழித்திருந்தது.

தூதன் திரும்பியிருந்தான்.

செம்புக் கம்பி சுற்றிய கண்ணாடி. மூக்கில் சரிந்திருந்தது. அதற்குப் பின்னால் அவளுக்குத் தெரிந்த கண்கள். உள்ளிருந்தபடி இரு உள்ளங்கைகளாலும் திரையை அறைந்தான். வாய் அகலத் திறந்து, மூடி, திறந்தது. அவளைத்தான் கூப்பிட்டான்.

ரிமோட் அவள் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தாள். ஒலிக்கான பொத்தானின் மேல் விரலை வைத்தாள். விரல் வழுக்கியது. அந்த ரப்பரிலும் ஏடு படிந்திருந்தது.

அவளுடைய முதுகுக்குப் பின்னால், காதருகே, திரிந்த பாலின் வெதுவெதுப்பான மூச்சு.

“டாக்டரம்மா,” என்று கெஞ்சியது அது, “அடுத்த வரி?”

திரையில் அவன் வாய் திறந்து மூடிக்கொண்டே இருந்தது, சத்தமில்லாமல்.