வாசல் அந்தப் பக்கம்

மாபெரும் கட்டடங்கள் எல்லாம் தனிமையில்தான் பிறக்கின்றன. கட்டியவரை உலகம் முதலில் கண்டுகொள்வதில்லை. பிறகுதான் வாய் பிளக்கிறது.

இந்தக் கட்டடம் முழங்கால் உயரம். கட்டியவளுக்குப் பத்து வயது.

இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் வகுப்பில் அவளுக்குப் பெயர் 'புதுசு'தான். "ஏய் புதுசு, கொஞ்சம் தள்ளு" என்பதுதான் இதுவரை அவளோடு யாரும் பேசியதிலேயே நீளமான பேச்சு. அப்பா தூரத்துக்கு லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்க்கலாம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்தால் வீட்டில் பிரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருக்கும்.

நூலகப் புத்தகத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தாள். செங்கல் சுற்றிய வட்டமான மேட்டுப் பாத்தி. நடுவில் ஒரு கம்பிவலைக் கூடை. தினமும் கூடைக்குள் காய்கறித் தோலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், தோல் மக்கிச் சுற்றியுள்ள செடிகளுக்கு உரமாகும். கூடை வரை நடந்து போக வட்டத்தில் ஒரு சின்ன வழி. மேலேயிருந்து பார்த்தால் சாவித்துவாரம் போலவே இருக்கும். பெயரும் சாவித்துவாரப் பாத்திதான்.

செடிகள் பேசாது. ஆனால் 'புதுசு' என்றும் கூப்பிடாது. அது போதும் என்று நினைத்தாள்.

குளியலறைக்குப் பின்னால் பழைய செங்கல் கிடந்தது. குச்சியும் கயிறும் வைத்து, பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி வட்டம் போட்டாள். செங்கல் அடுக்கினாள். அடியில் அட்டை, அதன் மேல் காய்ந்த இலை, அதன் மேல் மண். நாலு நாள் வேலை. கையில் இரண்டு கொப்புளம். கடைசியில் கீரை நாற்றும் தக்காளி நாற்றும் நெருக்கமாக நட்டாள்.

இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். முழு நிலா மாதிரி இருந்தது. கேட்டுக்கு வெளியே போகிறவர்கள் பார்த்து அசந்து போக வேண்டாமா? அதற்காகத்தான் அந்த வழியை, அழகைக் கெடுக்கும் ஓட்டை என்று, பின்பக்கம் வைத்திருந்தாள்.

பின்பக்கம் மதில் இருந்தது.

வெங்காயத் தோலும் கையுமாக வட்டத்தைச் சுற்றி வந்தபோதுதான் இது அவளுக்குத் தெரிந்தது. மதிலுக்கும் செங்கல்லுக்கும் நடுவே பல்லி போகலாம். பொறியாளர் போக முடியாது.

எம்பிப் பார்த்தாள். கை எட்டவில்லை. பாத்தி மேல் ஏறினால் நாற்று நசுங்கும். வாழைப்பழத் தோலைக் குறிபார்த்து வீசினாள். அது கூடையை விட்டுவிட்டு ஒரு தக்காளி நாற்றின் கழுத்தை முறித்தது. இரண்டு நாள் போயிற்று. கூடை காலி. ஓரத்தில் ஊற்றிய தண்ணீர் செங்கல் இடுக்கு வழியாக வெளியே ஓடிவிட்டது. இலைகள் தொங்கிப்போயின. மறுபடி பிரித்துக் கட்டினால் இந்தப் பக்கத்து வேர்கள் எல்லாம் அறுந்துவிடும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வகுப்பு லீடரின் வீடு. சட்டையில் குத்திய பேட்ஜை அவன் தூங்கும்போதாவது கழற்றுவானா என்பது யாருக்கும் தெரியாது. சுற்றறிக்கை வாசிப்பதுபோலத்தான் பேசுவான். அதனால் அவனோடு யாரும் பேசுவதில்லை.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போய் மணியடித்தாள்.

"என்ன விஷயம்?"

"என் தோட்டத்துக்குப் போகணும்."

"அது உங்க வீட்டுலதானே இருக்கு?"

"தோட்டம் எங்க வீட்டுல. வாசல் உங்க வீட்டுல."

லீடர் நெற்றியைச் சுருக்கினான். "இதுக்கு முன் அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட?"

"அம்மாகிட்ட. அம்மா ஆபீஸ் போயிருக்காங்க. வர்ற வரைக்கும்... என்கிட்ட."

"சரி, குடு. செடி சாகுது."

இவ்வளவு சுருக்கமான விண்ணப்பத்தை அவன் பார்த்ததில்லை. வழிவிட்டான்.

முற்றத்தில் ஒரு செஸ் பலகை விரித்திருந்தது. எதிர் நாற்காலியில் ஆள் இல்லை.

"யாரோட ஆடுற?"

"என்னோடதான்."

"யாரு ஜெயிக்கிறா?"

"நான் ரொம்ப மோசமா தோத்துட்டிருக்கேன்."

அந்தக் காலி நாற்காலியைத்தான் மதிலோரம் போட்டார்கள். அவள் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். கால் சரியாகப் பாத்தியின் வழிக்குள் இறங்கியது. அவன் வாளியை மதில் மேல் ஏற்றி நீட்டினான். பாதித் தண்ணீர் அவன் பேட்ஜில் கொட்டியது.

"தப்பா கட்டிட்டியா?" என்று எட்டிப் பார்த்தான்.

"இல்ல. இது பின்வாசல் மாடல்."

"முன்வாசல் எங்க?"

அவள் தோலைக் கூடையில் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

அவன் கையைப் பிடித்துத் திரும்ப மதிலேறி இறங்கி, அவள் புறப்பட்டபோது அவன் செஸ் பலகையைப் பார்த்தபடியே கேட்டான்: "நாளைக்கும் வரணுமா?"

"தினமும் போடணும்."

"எங்க வீட்டுலயும் தோல் இருக்கு. உருளைக்கிழங்குத் தோல். எடுத்து வைக்கட்டா?"

"வை."

"உன் பேரு என்ன?"

அவள் சொன்னாள். அவன் அதை ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வீட்டுக்கு வெளியே தன் பெயரை இன்னொருவர் வாயில் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது என்று அவள் தெரு முனை வரை எண்ணிக்கொண்டே நடந்தாள்.

மூன்று வாரத்தில் கீரை நிமிர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா பாத்தியைச் சுற்றி வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, தெருவையே சுத்திப் போய் மதிலேறிக் குதிக்கிறியாமே! கீரையைப் பறிச்சதும் வாசலை இந்தப் பக்கம் மாத்திடலாம். அரை மணி நேர வேலை."

மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"அதெல்லாம் முடியாதுப்பா," என்றாள் அவள் அவசரமாக. "சிமென்ட் போட்டுக் கட்டினது. நல்லா இறுகிடுச்சு."

அப்பா ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.