விளக்கு இரண்டு, நிழல் நான்கு

விளக்கு இரண்டு என்றால் நிழலும் இரண்டுதான் விழவேண்டும். ஆனால் பைக்கின் பக்கத்தில் குந்தியிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தபோது, எதிர்ச் சுவரில் நான்கு நிழல்கள் இருந்தன.

இரண்டு தம்பியுடையவை. அவன் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் அவை ஒன்றோடொன்று இழைந்து, அவன் அளவிலேயே, கத்தரித்த மாதிரி விழுந்திருந்தன. மற்ற இரண்டும் அவனுக்குப் பக்கத்தில், இரும்புக் கேட் இருக்கும் திசையில். ஒன்றைவிட்டு ஒன்று விலகி, சுவரின் உச்சியைத் தாண்டி, ஓரமெல்லாம் கலங்கி, ஓதம் ஏறிய கறைபோல் நின்றன.

"டேய், அங்க எதாவது தொங்குதா?"

"எங்க?"

"உன் பக்கத்துல."

"எனக்கு என்ன தெரியும்? கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு. உன் விளக்கைத் தவிர உலகத்துல ஒண்ணும் தெரியலை." அவன் முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். மடியில் சாக்பீஸ் இருந்தது. நாற்காலியில் ஊன்றுகட்டை சாய்ந்திருந்தது. "கோடு போடணும்னா சீக்கிரம் சொல்லு. கொசு தின்னுது."

விளக்கின் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போட வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிறவரை விளக்கைத் தாழ்த்த வேண்டும். கால்மணி நேர வேலை. வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டியது.

அன்று அவள் செய்தது வேறு. கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தார். "மலிவான சரக்கும்மா, ஆனா வெளிச்சம் மோசமில்லை. கீழ பார்த்து வைங்க. எதிர்ல வர்றவங்க பாவம்." பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வீட்டுக்கு வந்து விளக்கைப் பிரித்தாள். மேல்நோக்கிப் போகும் வெளிச்சத்தைத் தடுக்க உள்ளே வைத்திருந்த சின்னக் கறுப்புத் தகட்டைக் குறடால் பிய்த்து எறிந்தாள். மின்சாரத்தை அளந்துவிடும் சிறு தடையை மாற்றி, தாங்கக்கூடியதற்கு மேலாகவே பிரகாசத்தைக் கூட்டினாள். இரண்டையும் முன்பக்கக் காவல் கம்பியில் ஆளுயரக் கண்களைப் பார்க்கும்படி முடுக்கினாள். இடது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் தனியாக ஒரு சுவிட்ச்.

நான்கு மாதத்துக்கு முன்னால், இருட்டத் தொடங்கிய வேளையில், எவனோ ஒருவன் இதுமாதிரி விளக்கோடு எதிரே வந்தான். தம்பி சாலையோரப் பள்ளத்தில் விழுந்தான். தொடை எலும்பு மூன்று துண்டு. வந்தவன் நிற்கவில்லை. தம்பி அவனை அப்போதே மன்னித்துவிட்டான். "அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா." அவளுக்கு அது இன்னும் எரிந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபத்துக்குப் பசி அதிகம். எதிரே வெள்ளை விளக்கு வந்தால் கட்டைவிரல் தானாகப் போகும். கார்கள் தடுமாறும். ஹாரன் அலறும். எவனாவது அவள் பிறப்பையே சந்தேகிப்பான். அவள் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொள்வாள். பட்டால்தானே தெரியும்.

நாளைக் காலை தம்பி மறுபடி வேலைக்குப் போகிறான். வீட்டை விட்டு இறங்குவது விபத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வர ஒரு நிபந்தனை போட்டான். "அந்தப் பேய் விளக்கை இறக்கி வை. இல்லைன்னா நான் வரலை." அவனை வாசற்படி தாண்ட வைத்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டிப் புதுத் தடுப்பும் செய்து வைத்திருந்தாள்.

விளக்குக் கண்ணாடியில் அழுக்கு இருக்கும் என்று நினைத்தாள். துணியை எடுத்து இரண்டு விளக்கையும் அழுத்தித் துடைத்தாள். சூடு விரலைச் சுட்டது. கருகிய பிளாஸ்டிக்கும் எஞ்சின் எண்ணெயும் கலந்த நாற்றம். கேட்டுக்கு அப்பால் சாலையில் ஒரு லாரி நிலம் அதிரப் போனது. நிமிர்ந்தாள்.

நிழல்கள் அங்கேயே இருந்தன.

ஒரு விளக்கைக் கையால் பிடித்து மெல்லத் திருப்பினாள். அழுக்கு கண்ணாடியில் இருந்தால் நிழலும் வெளிச்சத்தோடு சேர்ந்து நகர வேண்டும். வெளிச்ச வட்டம் நகர்ந்தது. நிழல் நகரவில்லை. அப்படியென்றால் விளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஏதோ நிற்கிறது.

நடுவே வெறும் முற்றம். சரளைக்கல். வெளிச்சத்தைத் தேடி வந்த ஈசல்கள் புகைபோலச் சுழன்றுகொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் அவை பிரிந்து, இரண்டு பக்கமும் வளைந்து, மறுபடி ஒன்றுசேர்ந்தன.

கலங்கிய நிழலில் ஒரு வடிவம் புரிந்தது. தலை. தோள். முகத்துக்குக் குறுக்கே தூக்கிய முழங்கை.

தம்பியும் அப்படித்தான் கண்ணை மறைத்திருந்தான். வெளிச்சம் கூசினால் யாரும் செய்வது அதுதான். போன வாரம் சாலையில் எதிரே வந்தவனும் அதைத்தான் செய்தான்.

அந்த நினைப்பை அவள் ஒரு வாரமாக அண்டவிடாமல் வைத்திருந்தாள். ஒரு கார் அவள் கண்ணைக் குருடாக்கிவிட்டு முந்தைய நிமிடம்தான் போயிருந்தது. அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எதிரே ஒரு பழைய வண்டி. மங்கிய மஞ்சள் விளக்கு. அவளைப் பார்த்ததும் அந்த மனிதன் அதையும் மரியாதையாகத் தாழ்த்தினான். அவன் ஒரு தவறும் செய்யவில்லை. அவள் அழுத்தினாள். அவன் கையைத் தூக்கினான். கடந்துபோனாள். பக்கக் கண்ணாடியில் பின்விளக்கின் சிவப்பைத் தேடினாள். இல்லை. கிளைச் சாலை எதிலாவது திரும்பியிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். அங்கே கிளைச் சாலை கிடையாது. அவள் நிற்கவில்லை. என் தம்பிக்கு எவன் நின்றான்?

மறுநாள் காலை அதே இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. ஒடிந்த செடிகூட இல்லை. யாரும் எதுவும் பேசிக்கொள்ளவும் இல்லை.

"அக்கா, தூங்கிட்டியா?"

"இரு. வர்றேன்."

மறுபடி பார்த்தாள். நிழல்கள் சிறுத்திருந்தன. இப்போது சுவருக்கு மேலே போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் குறைந்திருந்தது. நெஞ்சிலிருந்து மூச்சு இறங்கியது. சிறுக்கிறது. கரைந்துகொண்டிருக்கிறது. கண் ஏமாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். நாளெல்லாம் வேலை, சரியான சாப்பாடு இல்லை, வீட்டுக்கு வந்தால் இந்தக் குறடும் திருப்புளியும்.

தகரத் தடுப்பை எடுத்து விளக்குக்குள் நுழைத்தாள். அது தவறிச் சரளையில் விழுந்தது. தேடி எடுத்து நிமிர்ந்தாள்.

இன்னும் சிறுத்திருந்தன.

சிறுத்தது மட்டுமில்லை. ஓரங்கள் தெளிந்திருந்தன. காது தெரிந்தது. சட்டைக் காலர் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே தொங்கிய கிழிந்த துணி தெரிந்தது.

கரைகிற நிழல் தெளியாது.

பள்ளிக்கூடப் பாடம். விளக்குக்கு அருகில் இருந்தால் நிழல் பெரிது, கலங்கல். சுவருக்கு அருகில் போகப் போகச் சிறுக்கும்; தெளியும்; இரட்டை நிழல் ஒன்றாகும்.

அது முதலில் அவள் பக்கத்தில் நின்றிருந்தது.

இப்போது நடந்துகொண்டிருந்தது. சுவரை நோக்கி. சுவரோரத்தில் இருந்தவனை நோக்கி.

"டேய்! எந்திரி! உள்ள போ!"

"ஏன்? கோடு?"

"போடா உள்ள!"

"எதுக்கு இப்ப எரிஞ்சு விழற? ஒண்ணும் தெரியலை எனக்கு. முதல்ல அதை அணை, போறேன்."

விளக்கு இல்லாவிட்டால் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. கட்டைவிரலால் சுவிட்சைத் தள்ளினாள்.

இருட்டு. கண்ணுக்குள் இரண்டு பச்சை வட்டங்கள் மிதந்தன. ஈசல் இறகுகளின் சரசரப்பு. சூடான உலோகம் ஆறும் சின்னச் சத்தம்.

சரளைக்கல் நொறுங்கியது. ஒரு காலடி. இன்னொன்று. நாற்காலிப் பக்கத்தில்.

"அக்கா." தம்பியின் குரலில் செல்லச் சலிப்பு. "தோள்ல கையப் போட்டுத் தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நானே எந்திரிச்சுப்பேன்."

அக்காவின் இரண்டு கைகளும் பைக்கின் மேல் இருந்தன.

"ஐயே, ஏன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

சுவிட்சைத் தட்டினாள்.

வெள்ளை வெளிச்சம் அவன் முகத்தில் அறைந்தது. தம்பி எழுந்து நின்றிருந்தான். ஊன்றுகட்டை நாற்காலியிலேயே சாய்ந்திருந்தது. ஒரு கையால் கண்ணைப் பொத்தியிருந்தான். இன்னொரு கை பக்கத்தில், ஆள் தோள் உயரத்தில், காற்றில் வளைந்திருந்தது.

சுவரில் அவன் நிழல் தனியாக இல்லை. அவன் உயரமே உள்ள இன்னொன்று, கத்தரித்த மாதிரி, அவனை அணைத்தபடி நின்றது. அதன் முழங்கை கண்ணிலிருந்து இறங்கியிருந்தது.

"போட்டுட்டியா மறுபடியும்? பாவி, ஒரேயடியா குருடாக்கிடுவ போல." அவன் சிரித்தான். ஓர் அடி வைத்தான். முறிந்த கால். "அட! பரவாயில்லையே! கட்டை இல்லாமலே வருதுக்கா!"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கேட் பக்கம் திரும்பினான்.

"நான் இங்க இருக்கேன்டா!"

"இங்கதான் இருக்க, தெரியுது. காதுகிட்ட ஏன் கத்தற?"

அவள் ஓடினாள். வெளிச்சத்துக்குள் நுழைந்த கணத்தில் அவளுடைய நிழல்கள் இரண்டும் பூதம்போல் எழுந்து சுவர் முழுவதையும் மூடின. கல் இடறி முழங்காலில் விழுந்தாள். தலையைத் தூக்கினாள்.

கேட் திறந்திருந்தது. அங்கே சுவர் இல்லை. நிழல் விழ இடமில்லை. சாலையின் இருட்டும், வளைவில் ஏறி வரும் லாரியின் இரைச்சலும் மட்டும்.

அவற்றுக்கு முன்னால் தம்பியின் வெள்ளைச் சட்டை. "விட்டுடாதேக்கா," என்றான். முறிந்த காலின் பக்கமாக உடம்பின் முழுப் பாரத்தையும் சாய்த்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் தோளூன்றி, கண்ணை மூடியபடி நடந்துகொண்டிருந்தான்.