மேல்துணி

அம்பாசடர் காரின் கூரைக்கு உள்பக்கம் போட்ட மேல்துணி தொங்குவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வயசானால் மனுஷனுக்கே தொங்குகிறது, வண்டிக்குத் தொங்காதா? ஒலிமுகமதுபேட்டையில் கார் சீட் தைக்கும் கடை வைத்திருந்த ஷாஹித் அப்படித் தொங்கியதை எத்தனையோ பார்த்தவன். ஆனால் அன்று மத்தியானம் பின்சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, வயிறு தள்ளித் தொங்கிய துணியை உள்ளங்கையால் மேலே தூக்கியபோது, கையில் சூடு பட்டது. வெளியே காலையிலிருந்து விடாத மழை. வண்டியின் தகரம் சில்லென்று இருந்தது. துணி மட்டும் காய்ச்சல்காரன் நெற்றியாகச் சுட்டது.

வண்டிக்குச் சொந்தக்காரர் சந்திரப்பிரபு நயினார் கடை வாசலில் குடையை உதறிக்கொண்டு நின்றார். கூரம் கிராமத்துக்காரர். நெல் போடுகிற சமணக் குடும்பம். தரையில் எறும்பு வரிசை போனால் நின்று வழிவிட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார்.

“உள்ள ஏதோ ஜீவன் இருக்குது பாய். அசையுது. பூனை குட்டி போட்டுக்கினு இருக்குதோ என்னவோ. முதல்ல கொஞ்சமா பிரிச்சு, அதைப் பதமா எடுத்து விட்டுடுப்பா. அப்புறம் வேலையைப் பாரு. அதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது.”

“பார்த்து செய்றேன் நயினாரே. நீங்க போங்க.”

“சத்தியமா?”

“அல்லா மேல சத்தியமா.”

பொழுது சாய்ந்தால் நயினார் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார். அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமென்று சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஷாஹித்தின் மனசு வண்டியில் இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே நஸ்னீன் நிறைமாசமாக இருந்தாள். முன்னால் ரெண்டு தடவை கலைந்துபோய், ஊசி மாத்திரை, தர்கா நேர்த்தி என்று அலையாத இடமெல்லாம் அலைந்து கடைசியில் தங்கிய பிள்ளை இது. இதுவும் போனால் இனி வேண்டாம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கோ நாளைக்கோ வலி எடுக்கும். இந்த நேரத்தில் நயினாரின் பூனைக்குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சி இறக்கிவிட அவனுக்கு என்ன தலையெழுத்தா?

இந்தத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய துணியைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதுசை விரித்து, ஓரத்துக்குப் பசை போட்டு, கதவு ரப்பருக்குள் இறுக்கிச் செருகி, நடுவில் வளைந்த ஊசியால் கூரைக் கம்பியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது. பார்க்கிறவனுக்குத் தெரியாது. உள்ளே இருக்கிறது பூனையோ பெருச்சாளியோ, மூச்சு முட்டிச் செத்தால் அது அதன் பாடு என்று நினைத்துக்கொண்டான்.

இடது பக்கம் இழுத்துச் செருகினான். உள்ளே இருந்தது மெல்ல நகர்ந்து வலது பக்கம் ஒதுங்கியது. வலது பக்கமும் இழுத்தான். ஒதுங்க இடமில்லாமல் அது நடுவுக்கு வந்து சுருண்டுகொண்டது. பசை நெடியையும் மழை ஈரத்தையும் தாண்டி ஒரு வாடை இறங்கிற்று, பிள்ளை பெற்ற வீட்டில் அடிக்குமே, அந்த வாடை. கம்பிப் பக்கம் கையை வைத்து அமுக்கினான். உள்ளேயிருந்து ஒன்று அவன் உள்ளங்கையை உதைத்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. அது அவனுக்குத் தெரிந்த உதை. தூக்கம் வராத நேரத்தில் நஸ்னீன் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக் காட்டுவாளே, அதே உதை. அதே அளவு குதிகால்.

“சீ, பூனை,” என்று வாய்விட்டுச் சொன்னான். சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பூனை அப்படிக் கத்தாது. ஊசியை ஏற்றினான். ஓரிடத்தில் ஊசி துணியல்லாத எதற்குள்ளோ இறங்கி வெளியே வந்தது. நுனியில் ஈரம். லுங்கியில் துடைத்துவிட்டு அடுத்த தையல் போட்டான். வேலை முடிந்து தட்டிப் பார்த்தபோது மேல்துணி தவில் தோலாக விறைத்து நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

“ஏங்க…”

பின்வாசலில் நஸ்னீன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஈரம்.

“பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சு. கொஞ்ச நேரமா யாரோ ஊசியால குத்துற மாதிரியே இருக்குதுங்க.”

ஆட்டோக்காரர்கள் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஆற்காட்டிலிருந்து மாமியார் வர மறுநாள் ஆகும். இருந்தது அந்த அம்பாசடர் ஒன்றுதான். சாவி சட்டைப் பையில் இருந்தது. வேறு வழி? அவளைத் தாங்கிக் கொண்டுவந்து பின்சீட்டில் படுக்க வைத்தான்.

அவள் மல்லாந்து மேலே பார்த்தாள். “புதுசா போட்டீங்களா? நல்லா இருக்குது.”

ஷாஹித் முன்சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வண்டி நகர்ந்தது. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது. அவள் முனகல் ஏறி ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்து இருட்டு கட்டியது. எப்போது நின்றது என்று தெரியவில்லை, பின்னால் முனகல் நின்றிருந்தது.

“நஸ்னீன், வலி எப்பிடி இருக்குது?”

“இல்லீங்க. போயிடுச்சு.” குரலில் தூக்கம். “லேசா இருக்குது.”

கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. நடுவில் ஏதோ மறைத்தது. துணி. அவன் போட்ட துணி, தொங்கிக்கொண்டு. அந்த நேரத்திலும் முதலில் வந்தது கோபம்தான். நான் தைத்தது தொங்குமா?

திரும்பிப் பார்த்தான். உள்விளக்கைப் போட்டான்.

நஸ்னீன் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். வயிறு இல்லை. கல்யாணத்தன்று இருந்த மாதிரி ஒட்டி, தட்டையாக. சீட்டில் ரத்தமும் இல்லை. அவள் முகத்துக்கு ஒரு சாண் மேலே துணி நிறைந்து, கனத்து, தொங்கியது.

உள்ளே ஒன்று புரண்டது.

“இங்க பாருங்க.” அவள் கையை உயர்த்தித் துணியைத் தொட்டாள். சிரித்தாள். “உதைக்கிறான்.”

சின்னக் குதிகால். துணியில் அதன் அச்சு.

கூட்ஸ் வண்டி போய்விட்டது. கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன். ஷாஹித் சீட்டைத் தாண்டிப் பின்னால் பாய்ந்தான்.

அப்போது இடது பக்க ரப்பர் கிறீச்சென்றது. துணி இழுபட்டது. யாரும் தொடவில்லை. உள்ளே இருந்தது மெல்ல நகர்ந்து வலது பக்கம் ஒதுங்கியது.

வலது பக்கமும் இழுபட்டது.

“யா அல்லா. வேணாம். வேணாம்.”

சட்டைப் பையைத் தடவினான். பிளேடு கடையில். கத்திரி கடையில். நகத்தால் கிழித்தான். பல்லால் கடித்தான். அவன் தையல். ரெட்டை நூல், மெழுகு தடவி. அது பிரிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நடுவில் அது சுருண்டது. ஒதுங்க இடமில்லை.

விக்கல்.

“என்னங்க,” என்றாள் நஸ்னீன். சிரிப்பு போயிருந்தது. “ஏன் அவன் அசையல?”

துணி விறைத்தது. தட்டையானது. தவில் தோலானது.

நட்டநடுவில், உள்ளேயிருந்து, வளைந்த ஊசி ஒன்று நுனி நீட்டியது. நுனியில் ஈரம். அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அடுத்த தையலுக்காக மெதுவாக உள்ளே திரும்பியது.