கையுறைக்குள்

கையுறைக்குள் விரல் நுனியில் ஏதோ அசைந்தது.

மதியம் மூன்று மணி. ஊசி போடும் அறையில் ஸ்பிரிட் வாடையும் ஈரத்துணியால் துடைத்த தரையின் புளித்த வாடையும் கலந்து கிடக்க, தலைக்கு மேல் மின்விசிறி டக் டக்கென்று சுற்ற, மூத்த நர்ஸ் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில்தான் குத்தியது. நோயாளிக்குப் போட்ட ஊசியை அப்படியே டப்பாவில் போடாமல் திரும்ப மூடி போடப் போய் வந்த வினை.

மூடி போடக் கூடாது என்று போன வாரம்தான் வகுப்பெடுத்தாள் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள். வீட்டில் மாமியார் வாயில் அவள் பேச்சுதான், இங்கே பெரிய டாக்டர் வாயிலும் அதேதான். தொற்றுத் தடுப்புப் பொறுப்பு, தனி அறை வேறு. இருபது வருஷம் ஊசி போட்டவளுக்கு இவள் பாடம் சொல்வதா? வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் வேண்டுமென்றேதான் மூடி போட்டாள்.

குத்தினால் உடனே கழுவ வேண்டும், உடனே சொல்ல வேண்டும், சில மணி நேரத்துக்குள் நோய் தொற்றாமலிருக்க மாத்திரை தொடங்க வேண்டும். கழுவினாள். புதுக் கையுறை மாட்டினாள். சொல்லத்தான் இல்லை. சொன்னால் ஓரகத்தியிடம்தான் சொல்ல வேண்டும். அதற்கு உயிரே போகட்டும் என்றிருந்தது.

மறுபடி அசைந்தது. கூர்மையாக ஏதோ எலும்போரமாக முன்னால் நகர்ந்தது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓரகத்தி வந்தாள்.

"என்னக்கா, மூஞ்செல்லாம் வேர்த்திருக்கு. ஊசி கீசி குத்திருச்சா?"

"எனக்கா? நான் என்ன நேத்து வந்தவளா?"

"யாருக்கு வேணா குத்தும்க்கா. இப்ப சொன்னாகூட மாத்திரை போட்டுக்கலாம். வீட்ல மூச்சு விட மாட்டேன்."

அந்தப் பரிவைத்தான் பொறுக்க முடியவில்லை.

"போய் உன் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. சிரித்தபடி, கையுறை மாட்டிய அந்தக் கையை எடுத்துத் தன் வெறும் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

மின்விசிறி நின்றது. விடு என்று சொல்ல வேண்டும். ரப்பர் இழுபட்டது. கிழிந்தது.

ஓரகத்தியின் சிரிப்பு மெல்லக் கலைந்தது. குனிந்து பார்த்தாள். மூத்தவளின் விரல் நுனியைப் பிளந்துகொண்டு ஓர் ஊசி வளர்ந்து இளையவளின் உள்ளங்கையில் இறங்கியிருந்தது.

மூத்தவள் கையை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. எத்தனையோ மாதம் கழித்து மனசு குளிர்ந்திருந்தது.

ஓரகத்தியின் புறங்கைத் தோல் புள்ளியாகப் புடைத்து எழும்பியது.