ஒரு பீப்பாய், ஒரு பிணம்

பிணத்தின் கோட்டுப் பைக்குள் செல்போன் அடித்தது.

க்ளெமான்ஸுக்குப் பதினாறு வயது. பிணத்தோடு தனியாக நிற்பது இதுதான் முதல் தடவை.

அதுவும் அவள் கையால் ஊற்றிக் கொடுத்த ஒயினைக் குடித்துவிட்டு விழுந்த பிணம்...

சற்று முன்புவரை அது வலேரி என்கிற பெரிய மனிதர். பிரான்ஸின் பர்கண்டியில் நிலவறை நிலவறையாக இறங்கி ஒயின் ருசி பார்த்துப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா தோட்டத்தில் திராட்சைக் கொடி வெட்டிக்கொண்டிருந்ததால் க்ளெமான்ஸ்தான் அவரை நிலவறைக்கு அழைத்து வந்தாள். கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு உறிஞ்சி, கோப்பையில் ஊற்றினாள்.

முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"அடேயப்பா..."

கோப்பையைப் பீப்பாய் மேல் வைத்தார். நெஞ்சைப் பிடித்தார்.

சரிந்தார்.

போன் விடாமல் அலறியது. இரண்டு விரலால் எடுத்தாள்.

"வலேரி முசியே இப்ப பேச முடியாதுங்க..."

"ஏன்?"

"செத்துட்டாருங்க."

எதிர்முனையில் பெருமூச்சு.

"நினைச்சேன். நான் இன்ஸ்பெக்டர் ரெமோன், டிஜோன்லேர்ந்து. அவருக்கு விஷம் வைக்கப் போறதா மிரட்டல் வந்திருந்தது. நீ யாரும்மா?"

"ஊத்திக் குடுத்த பொண்ணு."

"நல்லா மாட்டினே போ. அவரைத் தொட்டுடாதே, விஷம் தோல் வழியா ஏறும். பக்கத்துலதான் இருக்கேன்... வர்றேன்."

பக்கத்தில்தான் இருந்தார். அவள் ஓடிப்போய் அப்பா ஆன்செல்மைக் கூட்டி வருவதற்குள் வாசலில் ஒரு வேன் நின்றது.

இன்ஸ்பெக்டர் நிலவறையில் குத்துக்காலிட்டு, பிணத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"எங்க ஒயின்ல விஷமா?" கொடி வெட்டும் கத்தரி இன்னும் அப்பாவின் கையில் இருந்தது. "காலைல நானே ஒரு வாய் பாத்தேனே முசியே?"

"அதுக்கப்புறம் ஊத்தினது உங்க பொண்ணுதானே?"

"இவளா? கோழி அறுத்தாலே கொல்லைக்கு ஓடிடுவா இவ!"

"அதை ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. பீப்பாய் சாட்சி. நான் எடுத்துட்டுப் போறேன்."

அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. போன கோடையில் ஆலங்கட்டி மழை மொத்தத் தோட்டத்தையும் அடித்துப் போட்டுவிட்டது. மேட்டு மூலையில் ஒரு துண்டு மட்டும் தப்பியது. அதன் பழம்தான் இந்த ஒற்றைப் பீப்பாய்.

"இது போனா இந்த வருஷம் எங்களுக்கு ஒரு பாட்டில்கூடக் கிடையாது..."

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார். "இதைக் குடுத்துட்டா, வெளியாள் எவனோ கலந்துட்டான், பொண்ணுக்குத் தெரியாதுன்னு முடிச்சுடறேன். பீப்பாயா, பொண்ணா? நீங்களே சொல்லுங்க."

அப்பா யோசிக்கவே இல்லை.

"எடுத்துட்டுப் போங்க."

க்ளெமான்ஸுக்கு அழுகை முட்டியது.

இன்ஸ்பெக்டர் பீப்பாய் மேலிருந்த கோப்பையை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "நாத்தமே காட்டிக் குடுக்குது" என்றார்.

பிறகு பீப்பாயின் தக்கையைப் பிடுங்கி, கோப்பையில் மிச்சமிருந்ததை உள்ளே ஊற்றி, தக்கையை அழுத்தி மூடினார்.

அப்பா கவனிக்கவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் யாருமே கவனித்திருக்க மாட்டார்கள். ருசி பார்த்த மிச்சம் பீப்பாய்க்குத்தான் திரும்பும். தரையில் கொட்டுகிறவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

க்ளெமான்ஸுக்கும் மூன்று மூச்சு விட்ட பிறகுதான் உறைத்தது.

அழுகை நின்றது.

விஷக் கோப்பையை... சாட்சிப் பீப்பாயிலேயே ஊற்றுகிற போலீஸா?

அப்புறம், சாகிறவன் எவனாவது கோப்பையை அவ்வளவு பத்திரமாக வைத்துவிட்டா சாவான்?

"முசியே," என்றாள். "சாட்சிக்கு ஒரு பாட்டில் போதாதா?"

"ஏன்?"

"வழியில சிந்தினா ஊரே செத்துடுமே. ஒரு பாட்டில் பிடிச்சுக்கோங்க. மிச்சத்தை நான் தரையிலேயே விட்டுடறேன்."

"ஏய்... அதெல்லாம் நான் பாத்துக்கறேன். தள்ளு."

அவள் தள்ளவில்லை. சுவரில் சாய்ந்திருந்த மரச் சுத்தியலை எடுத்தாள். கணக்குத் தப்பினால் அப்பாவின் ஒரு வருடம் மண்ணுக்குள் போகும்.

பீப்பாயின் அடித் தக்கையைப் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி.

தக்கை தெறித்தது. சிவப்பு ஒயின் பீறிட்டுத் தரையில் ஓடியது.

"குட்டி!" அப்பாவின் குரல் உடைந்தது.

"அடிப்பாவி, நிறுத்துடீ!"

இரண்டாவதாகக் கத்தியது... பிணம்!

கத்தியதோடு நிற்கவில்லை. துள்ளி எழுந்து, பாய்ந்து வந்து, கட்டைவிரலை ஓட்டையில் செருகி அடைத்தது.

"முட்டாளே, படுடா!" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"நீ படுடா. இப்பேர்ப்பட்ட ஒயின் மண்ணுல ஓடறதைப் பாத்துக்கிட்டு எவன்டா சாவான்?"

அப்பா நிதானமாகப் போய்ப் படிக்கட்டை மறித்து நின்றார். கத்தரி ஒருமுறை திறந்து மூடியது. இன்ஸ்பெக்டரின் கைகள் தாமாகவே மேலே போயின.

"எப்படிடீ கண்டுபிடிச்சே?"

"விஷம்னு சொன்னதை அவரே பீப்பாய்ல திருப்பி ஊத்தினாருப்பா."

இன்ஸ்பெக்டராக வந்தவன் உயர்த்திய தன் கையை வெறுப்போடு பார்த்தான். "எங்கப்பனும் திராட்சைத் தோட்டக்காரன்தான். சின்ன வயசுலேர்ந்து... பழக்கதோஷம்."

க்ளெமான்ஸ் பிணத்தின் போனிலேயே நிஜப் போலீசை அழைத்தாள்.

"பாப்பா," பிணம் கெஞ்சியது. "விரல் மரத்துப் போச்சு. ஒரு தக்கை குடேன்."

"போலீஸ் வர்றவரைக்கும் நீங்கதான் தக்கை. அசையாதீங்க."

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"அப்பா, இந்த வருஷ லேபிள்ல ஒரு வரி கூடுதலாப் போட்டுக்கலாமா?"

"என்னன்னு?"

"செத்தவனையும் எழுப்பும்னு."